சாம்பிராணிச் சட்டியும் ஒற்றைக் கண்ணாடியும்

றபீக்கின் வலது கண்ணை நான் இரண்டு விரலால் விரித்துப் பிடித்திருந்தேன். மற்றக் கையில் ரப்பர்க் குழாய். புடவைக் கடையின் பின்பக்கத்துப் பைப்படி. தண்ணீர் அவனுடைய மூக்குக்கு மேலால் ஓடி, காதுக்குள் போய், சட்டைக் கொலரை நனைத்துக்கொண்டு சிமெந்துத் தரையில் விழுந்தது. விழுந்த இடத்தில் நுரைத்தது.

பெட்டரி அசிட் சிமெந்தைத் தொட்டால் அப்படித்தான் நுரைக்கும். சிமெந்தையே நுரைக்க வைப்பது கண்ணை என்ன செய்யும் என்று நினைக்காமல் இருப்பதற்காக ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டிருந்தேன். முப்பது வருடமாக ஓதி வருவது பாதியில் மறந்துபோனது. திரும்ப முதலில் இருந்து தொடங்கினேன்.

சுற்றிவர பெருநாள் சனம். கையில் உடுப்புப் பைகள். தண்ணீரை நிறுத்தச் சொன்னார் ஒருவர், கண் குளிர்ந்துவிடுமாம். தேங்காயெண்ணெய் விடச் சொன்னார் இன்னொருவர். சிலர் போனை நீட்டிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வயதான ஒரு ராத்தா மட்டும் சனத்தை விலக்கிக்கொண்டு வந்தா. சுடுதண்ணீர்ப் போத்தலின் மூடியில் தாய்ப்பால். கைக்குழந்தையோடு உடுப்பு எடுக்க வந்த யாரோ ஒரு பிள்ளையிடம் கெஞ்சி வாங்கி வந்திருக்கிறா.

"தண்ணி மட்டும்தான். வேற ஒண்டும் வேணாம். அங்கால போங்க" என்று கத்திவிட்டேன். அவ மூடியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு விலகினா. அந்த ராத்தாவை இப்போதும் நினைத்துக்கொள்வேன். மருந்து பிழை. ஆனால் அத்தனை பேரில் கையில் ஏதாவது ஏந்திக்கொண்டு ஓடி வந்தது அவ ஒருத்திதான்.

தண்ணீருக்குக் கீழே கிடந்து றபீக் சொன்னான்: "ஸ்பேனர் வழுக்கின மாதிரி இரிந்திச்சி காக்கா. என்ட கைதான்."

"வாய மூடு, தண்ணி போகும்" என்றேன் நான்.

அவன் சொன்னது பிழை என்று எனக்கு அப்போதே தெரியும். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல எனக்குப் பதினெட்டு நாள் பிடித்தது. அந்தப் பதினெட்டு நாளைத்தான் இந்த வாரம் எழுதப்போகிறேன். கோபம் வந்தால் மன்னியுங்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

முட்டை நாற்றம்

புதிதாக வாசிக்கிறவர்களுக்காக ஒரு சொல். நானும் றபீக்கும் பெட்டரி மாற்றுகிற ஆட்கள். கரண்ட் போனால் கடைகளும் வங்கிகளும் இருட்டாகாமல் இருக்கிறதே, அதற்குக் கீழே எங்கோ ஒரு மூலையில் வரிசையாக அடுக்கி வைத்திருக்கும் பெட்டரிகள். அவை செத்தால் எங்களைக் கூப்பிடுவார்கள். நெடுங்காலம் ஒரே முச்சக்கர வண்டியில் போய் வந்தோம். அவன் என்னைவிட ஆறேழு வயது இளையவன்; அண்ணன் முறையில் என்னைக் காக்கா என்பான். கைப்பழக்கத்தில் என்னைவிட மூத்தவன்.

நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் வெட்டிய காலம் உங்களுக்கு மறந்திருக்காது. அப்போது கல்முனை பஸாரில் இந்தப் பெட்டரி வாங்காத கடை இல்லை. எல்லாரும் ஒன்றாக வாங்கியதால் இப்போது எல்லாம் ஒன்றாகச் சாகின்றன.

நான் சொல்கிற கடை மூன்று மாடி. பெயர் வேண்டாம். படிக்கட்டுக்குக் கீழே கூட்டுகிற தும்புத்தடி, வாளி வைக்கிற சின்ன அறை. அதற்குள் எட்டுப் பெட்டரி, கனமானவை, தண்ணீர் விடுகிற வகை. சந்துப் பக்கமாகக் காற்றுப் போக ஒரேயொரு துவாரம். பூனை வருகிறது என்று அதையும் சாரி வந்த அட்டைப்பெட்டியால் அடைத்திருந்தார்கள்.

வயது போன பெட்டரியில் மின்னேற்றம் அளவுக்கு மிஞ்சினால் அழுகின முட்டை நாற்றம் வரும். அந்த நாற்றம் பெட்டரி கதைக்கிற கதை. எனக்கு ஏலாது, என்னை நிப்பாட்டு என்கிறது. நாற்றம் இல்லாத இன்னொரு வாயுவும் கூடவே வரும். எரிகிறது அதுதான். திறந்த வெளியென்றால் அது பறந்துவிடும். அடைத்த அறையென்றால் நெருப்புக்காகக் காத்திருக்கும்.

கடைக்கு வந்த பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்தினார்கள். முதலாளி ஹாஜியாருக்கு அது பெரிய வெட்கம். துவாரத்தைத் திறக்கும்படி இரண்டு தரம் சொல்லியிருந்தேன். அடுத்த முறை பார்ப்போம் என்றார். நாற்றத்துக்கு அவரிடம் வேறு மருந்து இருந்தது. சாம்பிராணி.

பொறி பார்த்த காலம்

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

யுத்த காலத்தில் எங்கள் பக்கம் மாதக் கணக்கில் கரண்ட் இருக்காது. பெட்டரிக்கு மின்னேற்றிக் கொடுக்கிற கடையொன்று இருந்தது. ஜெனரேட்டர் வைத்திருந்தார்கள். நான் கலியாணம் முடித்த புதிது, கையில் வேலை இல்லை. அங்கே போய் உட்கார்ந்தேன். எழும்பச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. அப்படியே அது என் தொழிலானது.

அசிட் தெறித்துத் தெறித்து என் சாரன் எல்லாம் கண்ணறை கண்ணறையாக ஓட்டை. கொடியில் காயப்போட்டுவிட்டு என் மனைவி சொல்லுவாள், "இதுக்குள்ளால பாத்தா பக்கத்து ஊட்டுல என்ன கறியெண்டும் தெரியும்." ஊரெல்லாம் அந்தப் பேச்சைச் சொல்லிச் சிரித்தது.

வரிப்பத்தான்சேனையில் இருந்து வெள்ளாண்மைக்காரர்கள் உழவு இயந்திரத்துப் பெட்டரியைக் கொண்டு வருவார்கள். காரைதீவில் இருந்து ஒரு டீச்சரம்மா ரேடியோவுக்காக, சைக்கிள் கரியரில் ரப்பர் டியூபால் கட்டிக்கொண்டு வருவா. எல்லாருக்கும் ஒரே ஆசை. மின்னேற்றம் முடிந்ததும், "பொறியக் காட்டுங்க பாப்பம்" என்பார்கள். இரண்டு முனையிலும் கம்பியைத் தேய்த்துக் காட்டுவோம். நீலமாக, கொழுத்த பொறியாகப் பறந்தால் மனம் நிறைந்து போவார்கள். மெலிந்த பொறியென்றால் முகம் சுருங்கும்.

அப்படிப் பொறி காட்டும்போது ஒருநாள் ஒரு பெட்டரி மூடியைக் கழற்றி என் முகத்துக்கு நேரே எறிந்தது. புருவம் மட்டும் பொசுங்கியது. சுற்றி நின்றவர்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நானும்தான். இரண்டு கிழமை ஒற்றைப் புருவத்தோடு திரிந்ததைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அதை நினைத்தால் இப்போது என்னை நானே அறைய வேண்டும்போல இருக்கிறது. அந்தச் சிரிப்பில்தான் நாங்கள் கெட்டுப்போனோம்.

பிற்காலத்தில் பெட்டரியோடு வருகிற தாள்களை, அகராதியை வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக வாசித்தேன். என்னுடைய படிப்பு அதுதான். முதலில் மின்னேற்றத்தை நிறுத்து. காற்று வர விடு. பொறுத்திரு. மோதிரத்தைக் கழற்று. ஸ்பேனரின் பிடிக்கு டேப் சுற்று. கண்ணாடி போடு. வாசிக்கத் தெரியாதவர்களுக்குப் படமும் போட்டிருப்பார்கள். கண்ணாடி போட்ட முகம் ஒன்று. சிகரட்டின் மேல் குறுக்குக் கோடு ஒன்று.

சாம்பிராணிச் சட்டியின் மேல் கோடு போட்ட படம் ஒரு பெட்டரியிலும் இல்லை. அதைச் செய்தவர்களுக்கு எங்களைத் தெரியாது.

வியாழன், அஸருக்குப் பிறகு

எட்டில் இரண்டு செத்துவிட்டன, மாற்ற வேண்டும் என்று ஹாஜியார் கூப்பிட்டது பெருநாளுக்கு முந்திய வியாழக்கிழமை. கடையில் கால் வைக்க இடமில்லை. மின்னேற்றத்தை நிறுத்தி, துவாரத்தைத் திறந்து, ஒரு மணி நேரம் பொறுத்துத்தான் தொடங்க வேண்டும் என்றேன். அவர் சனத்தைக் கையால் காட்டினார்.

"இந்த நேரத்துல கரண்டு போனா கடை இருட்டாப் போகும் மகன். ஓட விட்டுட்டு மாத்துங்க. நீங்க ரெண்டு பேரும் தேறின ஆக்கள்தானே."

தேறின ஆக்கள். அந்தச் சொல் என்னை விழுத்தியது. இன்றைக்கு மட்டும் என்றேன் றபீக்கிடம். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "நீங்க சொன்னா சரி காக்கா" என்று குனிந்து உள்ளே போனான். செத்த இரண்டையும் காலையில் இருந்து மின்சாரம் அவித்துக்கொண்டிருந்திருக்கிறது. தொட்டால் சுடும். அவன் முழங்காலில் இருந்து, மூடிகளைக் கழற்றித் தண்ணீர் மட்டம் பார்க்கத் தொடங்கினான். நான் வெளியே, படிக்கட்டின் கடைசிப் படியில் இருந்து ஸ்பேனர்களைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

வியாழன் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாஜியார் கடைக்குச் சாம்பிராணி பிடிப்பார். வெள்ளிக்கிழமையை வரவேற்கிற வழக்கம். அதை ஒரு வேலையாளிடமும் கொடுக்கமாட்டார். வெள்ளைச் சாரன், தொப்பி, கையில் தணல் போட்ட சட்டி. மேல்மாடியில் தொடங்கி ஒவ்வொரு தட்டாக இறங்குவார். அவர் வரும்போது விற்பனையாட்கள் புடவையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையாலும் புகையை முகத்துக்கு அள்ளுவார்கள். எங்கள் பக்கத்தில் அது மரியாதை.

அவர் படியிறங்கி வந்தார். நான் காலை மடக்கி வழிவிட்டேன். ஸ்பேனரைக் கீழே வைத்தேன். இரண்டு கையாலும் புகையை முகத்துக்கு அள்ளினேன். வாய் தன்பாட்டில் ஸலவாத்துச் சொன்னது. அவர் பாதி சாத்தியிருந்த கதவைக் கால் விரலால் தள்ளி, சட்டியை உள்ளே நீட்டினார்.

குண்டுச் சத்தம் எங்களுக்குப் பழக்கம். இது அதுவல்ல. இரும்புக் கதவில் யாரோ பலகையால் ஓங்கி அடித்த மாதிரிக் குட்டையான சத்தம். அதற்குப் பிறகு றபீக்கின் குரல்.

மீதியைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டேன். ஒன்றைத் தவிர. எங்களிடம் இருந்தது ஒரேயொரு காப்புக் கண்ணாடி. மற்றதன் பட்டி அறுந்து இரண்டு மாதம். உள்ளே போகிறவன் போடுவது என்று பேச்சு. அன்றைக்கு அது எங்கே இருந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். அதைச் சொல்லத்தான் எனக்கு நாள் பிடித்தது.

ஹாஜியார் அழுதார்

வலது கண் போய்விட்டது. இடது கண்ணை மட்டக்களப்பில் டொக்டர்மார் காப்பாற்றித் தந்தார்கள். விடாமல் தண்ணீர் ஊற்றியது நல்லதாகப் போயிற்று என்றார்கள்.

வெடித்த மறுநாள் நான் கடைக்குப் போனேன். படிக்கட்டுக்குக் கீழே தரை கழுவியிருந்தது. தணல் இல்லை, சட்டியின் ஓடு ஒன்றுகூட இல்லை. வெடித்த பெட்டரியும் றபீக்கின் ஸ்பேனரும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்கள். பார்க்கிறவனுக்கு அதுவே ஒரு கதை சொல்லும்.

ஹாஜியார் ஆஸ்பத்திரிக்கு வந்தார். திராட்சையும் அப்பிளும். இமை பொசுங்கிய முகம். கட்டிலோரத்தில் இருந்து உண்மையாகவே அழுதார். கெட்ட மனிதர் என்றால் எனக்கு இந்தக் கதை இலேசாக இருக்கும். அவர் ஊரில் எத்தனையோ பேருக்கு உதவியவர்.

"அல்லாஹ்ட நாட்டம் மகன். தடுக்க ஏலாது" என்றார்.

கண்ணில் கட்டோடு கிடந்த றபீக் அவருடைய கையைத் தடவித் தேடிப் பிடித்தான். "உங்கட கடைய நான்தான் பழுதாக்கின. மன்னிச்சிக்கங்க ஹாஜியார்."

அவர் அதைக் கேட்டார். நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு சொல் வரும் என்று நினைத்தேன். அவர் தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

நடைபாதையில் வைத்து என்னிடம் மெதுவாகக் கதைத்தார். விசாரணைக்கு ஓர் உத்தியோகத்தர் வரப்போகிறாராம். "ஸ்பேனர் வழுக்கினதெண்டு அவனே சொல்றான்தானே. அதுக்கு மேல நாம என்னத்தக் கதைக்க?" முந்தி நாங்கள் பொறி பார்க்கிற ஆட்கள் என்பதையும் ஞாபகப்படுத்தினார். அவரும் அந்தக் காலத்தில் எங்களிடம் பொறி பார்த்து மனம் நிறைந்தவர்தான்.

நாட்டத்தை நம்புகிறவன் நான். ஐந்து நேரமும் தொழுகிறவன். ஆனால் அந்தத் துவாரத்தை அடைத்தது ஒரு அட்டைப்பெட்டி. அட்டைப்பெட்டியை வைத்தது ஒரு கை. அந்தக் கைக்கு ஒரு சொந்தக்காரன் இருக்கிறான். செய்த பிழையைத் துடைத்துவிட்டு, துடைத்த சீலையை அல்லாஹ்வின் பெயரால் மூடி வைப்பது ஈமான் என்று எனக்கு ஒருவரும் படிப்பிக்கவில்லை.

றபீக்கின் மனைவி பௌசியா அதை என்னைவிட நன்றாகச் சொன்னாள். "நாட்டமெண்டு ஆக்கள் சொல்றதெல்லாம் ஏன் காக்கா கூலிக்காரன்ட உடம்புலயே விழுது?"

அவள்தான் இன்னொன்றும் சொன்னாள். வீட்டுக்கு வந்த நாளில் இருந்து அவன் வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டுதான் இருக்கிறானாம். பல்ப் ஒன்று மாற்றச் சொன்னாலும் எழும்புவதில்லை. "கண்ணு போனதுக்கு அழல்ல காக்கா. கைய நம்ப ஏலாதெண்டு அழுறார்."

எழும்பிப் போங்க

விசாரணைக்கு முந்தின நாள். அன்று பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனேன். முன்னறையில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்தான். பௌசியா சொன்ன மாதிரியே கை தொடைக்குக் கீழே.

நான் நின்றுகொண்டே சொன்னேன். ஸ்பேனர் வழுக்கவில்லை. ஹாஜியார் தணலோடு வந்தார். அறைக்குள் வாயு நிறைந்திருந்தது. அவன் முதுகு கதவுப் பக்கம், அதனால் கண்டிருக்க மாட்டான்.

அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான். பிறகு, "நீங்க கண்டீங்களா?" என்றான்.

"கண்ட. கால மடக்கி வழி உட்டதே நான்தான். புகையையும் அள்ளி முகத்துல போட்ட."

"அப்ப என்ட கை?"

"உன்ட கை மூடி கழட்டிட்டு இரிந்திச்சி. ஒரு பிழையும் செய்யல்ல."

அவன் கையை வெளியே எடுத்தான். விரல்களை ஒவ்வொன்றாக விரித்தான். யாரோ களவெடுத்துப்போன சாமான் திரும்பி வந்த மாதிரி, இருக்கிற கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்தான். நான் அதோடு திரும்பி வந்திருக்கலாம். அவன் விடவில்லை.

"கண்ணாடி எங்க இரிந்த?"

"என்ட நெத்தியில."

கேட்டதுதான் தெரியும். அவன் முகம் அப்படியே கல்லாகியது. வெளியே இருந்து ஸ்பேனர் பிரித்தவனுடைய நெற்றியில் கண்ணாடி. உள்ளே பெட்டரிக்கு முன்னால் முழங்காலில் இருந்தவனுக்கு வெறுங்கண்.

"பதினெட்டு நாள்" என்றான். அவனும் எண்ணியிருக்கிறான். "அந்தாள் ஒண்டும் சொல்லல்ல, சரி. நீங்களும் சொல்லல்லையே. எழும்பிப் போங்க காக்கா."

நின்றுகொண்டிருந்த என்னைத்தான் எழும்பிப் போகச் சொன்னான். போனேன்.

எழுதச் சொன்னது

விசாரணை கடையின் மேல்மாடியில் நடந்தது. ஹாஜியார் முதலில் சொன்னார். ஸ்பேனர், பொறி, கவனமின்மை. உத்தியோகத்தர் எழுதினார். பிறகு என் முறை.

அடைத்த துவாரம், நிறுத்தாத மின்னேற்றம், சம்மதித்த என் வாய், தணல் சட்டி, கழுவிய தரை, என் நெற்றியில் இருந்த கண்ணாடி. எல்லாவற்றையும் நடந்த வரிசையில் சொன்னேன். பேனையை நிறுத்திவிட்டு உத்தியோகத்தர் கேட்டார், இதையெல்லாம் எழுதினால் என் பெயரும் குற்றத்தில் வருமே, தெரியுமா என்று. வரட்டும் என்றேன்.

ஹாஜியாருக்கு முகம் சிவந்துவிட்டது. "நீயும்தானே புகைய அள்ளி முகத்துல போட்டாய்? அப்ப உனக்குத் தெரியல்லயா?"

நெஞ்சில் குத்திய கேள்வி. சரியான கேள்வியும்கூட. "ஓம் ஹாஜியார். நானும் அள்ளின. அதையும் எழுதச் சொல்லுங்க" என்றேன்.

எழுதினார்கள். றபீக்கின் பிழை இல்லை என்று அந்தத் தாளில் இருக்கிறது. எனக்கு வேண்டியது அதுதான். ஊரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நல்ல மனிதரைச் சந்திக்கு இழுத்தேனாம். சாம்பிராணியைக் குறை சொன்னேனாம். சாம்பிராணி என்ன பிழை செய்தது? என் வீட்டிலும் வியாழக்கிழமை பிடிக்கிறோம். அடைத்த அறையில் பெட்டரிக்கு முன்னால் நெருப்பை நீட்டாதே என்றுதான் சொல்கிறேன். இதற்கு மார்க்கத் தீர்ப்பு வேண்டுமா?

போன மாதம் அந்தச் சந்தால் போனேன். நிமிர்ந்து பார்த்தேன். துவாரத்தில் அட்டைப்பெட்டி. புதிய பெட்டி, வேறு கொம்பனிச் சாரி. வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போய்ச் சொன்னேன். பூனை வருகிறதாம். சொன்ன விற்பனையாளன் சிரித்துக்கொண்டு சொன்னான். ஒரு பெட்டியை இழுத்துப் போட்டு, அதன் மேல் ஏறி, நானே அட்டையைப் பிய்த்து எறிந்தேன். ஒருவரும் தடுக்கவில்லை. நான் போன பிறகு திரும்ப அடைத்திருப்பார்கள். போவேன். திரும்பப் பிய்ப்பேன்.

இது என்ட

றபீக் மாதக் கணக்கில் என்னோடு கதைக்கவில்லை. அடுத்த பெருநாளைக்கு ஸலாம் சொன்னதோடு சரி. நான் தனியாகவே வேலைக்குப் போனேன். மின்னேற்றத்தை நிறுத்தாமல் மாற்றச் சொன்னவர்களிடம் வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். பார்த்தார்கள். வேறு ஆட்கள் கிடைத்தார்கள். அதுவும் எனக்கு ஆறாத கோபம்.

ஒலுவில் பக்கம் ஐஸ் அடிக்கிற இடமொன்றில் ஒரு காலை. மின்னேற்றத்தை நிறுத்தி, கதவு ஜன்னல் எல்லாம் திறந்துவிட்டு, வெளியே மீன்பெட்டி ஒன்றின் மேல் இருந்து நேரம் போகக் காத்திருந்தேன். யாருடையதோ சைக்கிளின் பின்னால் இருந்து இறங்கினான் றபீக். பௌசியாதான் இடம் சொல்லியிருக்கிறாள்.

ஸலாம் சொன்னான். எவ்வளவு நேரமாகத் திறந்து கிடக்கிறது என்று கேட்டான். சொன்னேன். இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று பக்கத்திலேயே இருந்தான். இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டு இருந்தோம்.

நேரமானதும் பையைத் திறந்து காட்டினேன். புதிய கண்ணாடி இரண்டு, உறை பிரிக்காமல். அவன் அவற்றைத் தொடவில்லை. என் நெற்றிக்குக் கையை நீட்டினான். பழக்க தோஷத்தில் நான் ஏற்றி வைத்திருந்த அந்தப் பழைய கண்ணாடியைக் கழற்றி எடுத்து, தன் சட்டையில் துடைத்து, முகத்தில் போட்டான்.

"இது என்ட" என்றான்.

ஸ்பேனரை எடுத்தான். வலது கையால்தான். உள்ளே போய், கதவடியில் நின்று, வலப்பக்கம் தெரியாததால் கழுத்தை முழுதாகத் திருப்பி என்னைப் பார்த்தான். நான் உறையைப் பிரித்து மற்றதைப் போட்டு, பட்டியை இறுக்கும் வரைக்கும் அங்கேயே நின்றான். அதற்குப் பிறகுதான் குனிந்தான்.